கத்தரிகளைக் கைது செய்த ராஜா

ஜனவரி 9

காலை ஏழரைக்கு நிலவறைப் படியில் தொங்கும் வெப்பமானியில் மைனஸ் பதினொன்று. சமையலறைச் சன்னலில் இருப்பதில் மைனஸ் பத்து. எதை நம்புவது? இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் வரிசை, ஏழாம் திராட்சைக் கொடி. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வந்து மெல்லிய வில்லையாகச் சீவினேன். அதன்மேல் அயோடின் இரண்டு சொட்டு. ஐந்து நிமிடம் பொறுத்தும் வில்லை கறுக்கவில்லை. வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. நல்லது. இலை உதிர்ந்த நவம்பரில் இதே கொடியின் வில்லை மைப்புட்டியில் முக்கி எடுத்ததுபோல் கறுத்தது, அவ்வளவு மாவுச்சத்து. குளிர் இறுக இறுக, கொடி அந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கிக்கொண்டது. சர்க்கரை ஏறிய நீர் சீக்கிரம் உறையாது. உறையாவிட்டால் உள்ளே எதுவும் கிழியாது.

கொடி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் எதை எப்போது மாற்ற வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கொடி ஆராய்ச்சியில் முப்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். சட்டையை எப்போது மாற்ற வேண்டும் என்பதை எனக்கு என் மனைவி வெனெத்தா சொல்ல வேண்டியிருக்கிறது.

வெனெத்தா கேட்டாள்: "ஏய்யா, அந்தக் கத்தியாலதான வெண்ணெய் தடவுன?"

ஆமாம்.

ஜனவரி 10

மைனஸ் பன்னிரண்டு. வில்லை வெளுப்பு. வெண்ணெய்க்குத் தனிக் கத்தி.

ஜனவரி 19

தெற்குக் காற்று. கூரைப் பனி நேற்றுச் சொட்டியது, இன்று ஒழுகுகிறது. பிற்பகல் பிளஸ் பதினான்கு. இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணைக் காட்டின. இந்த ஒற்றுமை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 22

வில்லை கறுத்துவிட்டது.

முதலில் அயோடின் மேல்தான் சந்தேகம் வந்தது. புட்டியின் காலாவதித் தேதி அழிந்திருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தியதாகக்கூட இருக்கலாம். சோதித்துப் பார்த்தேன். ரொட்டி: கறுப்பு. உருளைக்கிழங்கு: கறுப்பு. உப்பு: கறுக்கவில்லை. ஆப்பிள்: கறுக்கவில்லை. அயோடினில் கோளாறு இல்லை.

இந்த முடிவுக்கு வந்த திருப்தியில் கை தளர்ந்து புட்டி சாய்ந்தது. மேஜைவிரிப்பு: மிகவும் கறுப்பு.

வெனெத்தா அதற்குக் கஞ்சி போட்டிருந்தாள். அவள் அம்மா கொடுத்த விரிப்பு.

ஜனவரி 23

வெனெத்தா இன்னும் பேசவில்லை. யோசிக்க நேரம் கிடைத்தது.

நாலு நாள் வெயிலை நம்பி, வசந்தம் வந்துவிட்டது என்று கொடி முடிவு கட்டிவிட்டது. சர்க்கரையை மறுபடி மாவாக்கி அடுக்குகிறது. கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டியதற்குச் சமம். இப்போது திடீரென்று மைனஸ் இருபது வந்தால்? வராமலும் போகலாம். வந்தால்?

ஊரில் இந்த வெயிலைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அரிக்கிறது. பிப்ரவரி 14 திராட்சைக் காவலர் புனித திரிஃபோன் நாள்; அதற்கு மறுநாளே ஊர் முழுக்கக் கொடி வெட்டும் கவாத்தில் இறங்கும். வெயிலில் வெட்டினால் கொடி இன்னும் விழித்துக்கொள்ளும். அதோடு, வெட்டி எறிந்த மொட்டு எறிந்ததுதான். மீதி வைத்த இரண்டு மொட்டும் பனியில் செத்தால் அந்த வருடம் திராட்சை இல்லை. வெட்டாத கொடியில் ஐம்பது மொட்டு செத்தாலும் ஐம்பது இருக்கும்.

இதை நான் ஊரில் சொல்ல வேண்டும்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஒரு பிப்ரவரிக் கூட்டத்துக்கு இதே மாதிரிக் கறுத்த வில்லைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மூன்று முறை எழுந்தேன், மூன்று முறையும் உட்கார்ந்தேன். தலைவர் எனக்கு மூலம் என்று நினைத்து மெத்தை கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் நாற்பது ஹெக்டேர் விறகாயிற்று.

ஜனவரி 25

கான்ச்சோ வந்தான். அவன் கதவைத் தட்டமாட்டான். கதவோடு பேசிக்கொண்டே உள்ளே வருவான். ஆறு வருடமாக அவன்தான் ஊரின் திராட்சை ராஜா. திரிஃபோன் நாளுக்கு மூன்று வாரம் முன்பே வீடு வீடாகச் சாஸேஜ் கொடுத்துக் கைகளைச் சேர்த்துவிடுவான். அன்று கை தூக்கித்தானே ராஜாவைத் தேர்ந்தெடுக்கிறோம்.

"அண்ணே, நான் கவாத்தே முடிச்சிட்டேன்! மொத்தத் தோட்டமும்! எல்லாவனும் திரிஃபோனுக்குக் காத்திருப்பான். நான் ஏன் காத்திருக்கணும்? திரிஃபோன் வந்து எனக்கு வெட்டித் தருவாரா?"

"வெயில்..." என்றேன்.

"ஆமா, என்னா வெயில்! சாப்பிடுண்ணே. வெறும் பன்னிக்கறி, உப்பு, மிளகு. வேற ஒண்ணு கலந்திருந்தா என் மீசைய எடுத்துர்றேன்."

மேஜையில் என் வில்லைகள் இருந்தன. பக்கத்தில் சாஸேஜை நறுக்கி வைத்தான். மொட்டுகளைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்ற பதற்றத்தில் சொட்டுக்குழாயை அழுத்திவிட்டேன். கொடி வில்லை மேல் விழ வேண்டிய சொட்டு சாஸேஜ் மேல் விழுந்தது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெதுவாக, மிகத் தெளிவாகக் கறுத்தது.

மூன்று நாளாகப் பேசாதிருந்த வெனெத்தா அப்போது வாய் திறந்தாள். "மாவு போட்டிருக்க."

"அது... கொஞ்சம் ரொட்டித்தூள்... இறுக்கத்துக்கு..."

"மீசைய இப்ப எடுக்கிறியா, வீட்டுக்குப் போயி எடுக்கிறியா?"

மொட்டுகளைப் பற்றிச் சொல்ல முடியாமலே போயிற்று.

ஜனவரி 28

இன்று என் வீட்டு வாசலில் பதினோரு பேர். கையில் எல்லோருக்கும் பாத்திரம். சாஸேஜ் கறுத்ததை வெனெத்தா யாரிடமும் சொல்லவில்லையாம். தோன்காவிடம் மட்டும் சொன்னாளாம். தோன்காவிடம் சொன்னால் ஊர்மணியை அடிக்க வேண்டியதில்லை.

தயிர் ஏழு, தேன் இரண்டு, பாலாடைக்கட்டி ஒன்று, சாஸேஜ் ஒன்று (கான்ச்சோ தம்பி வீட்டுடையது: கறுப்பு, குடும்ப வழக்கம் போலிருக்கிறது). தோன்கா கொண்டுவந்தது அவள் மாமியார் உறைய வைத்த தயிர். நான் சொட்டு விட்டதும் மூக்கு பாத்திரத்தில் படும்வரை குனிந்தாள்.

"கறுக்குதாண்ணே?"

"இல்லை. சுத்தமான தயிர்."

"நல்லாப் பாத்தீங்களா? இன்னொரு சொட்டு விடுங்க."

விட்டேன். கறுக்கவில்லை. தொண்ணூறு வயதுக் கிழவியின் நேர்மையை நிரூபித்ததற்காகத் தோன்கா என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

அயோடின் கால் புட்டிதான் மிச்சம்.

பிப்ரவரி 1

ஆற்றோரத்து ஊரில் புதுக் காலண்டர்ப்படி இன்றே திரிஃபோன். நாங்கள் பழைய காலண்டர். கான்ச்சோ இரண்டுக்கும் போகிறவன். புனிதருக்கு இரண்டு முறை தாகம் எடுக்கும் என்பான். இன்று மட்டும் போகவில்லையாம்.

பிளஸ் பதினாறு. வில்லை கறுப்பு.

பிப்ரவரி 8

ஊர்த் தலைவி ரொசித்சா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"மெதோடி ஐயா, இந்த வருஷம் நீங்கதான் ராஜா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சாஸேஜுல மாவு போட்டவன் தலையில மறுபடி கொடியச் சுத்த மாட்டோம்னு பொம்பளைங்க எல்லாம் சொல்லிட்டாங்க. வேற யாருன்னு கேட்டா, உங்க பேரு வருது. நீங்க கறுத்தா கறுத்துச்சுன்னு சொல்றீங்க, இல்லன்னா இல்லன்னு சொல்றீங்களாம்."

"எனக்குக் கூட்டத்தில் பேச வராது, அம்மா."

"யாரு பேசச் சொன்னா? வண்டில உக்காருங்க. நாங்க இழுக்குறோம். தலையில ஒயின் ஊத்துவோம். குடிங்க. ஒரு உத்தரவு போடுங்க. எறங்குங்க. அவ்வளவுதான்."

ஒரு உத்தரவு. அவள் போன பிறகு அரைமணி நேரம் அவள் உட்காராத நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜா வண்டியிலிருந்து இறங்குவதற்குள் ஒரு உத்தரவு போடலாம். என்ன அபத்தமானாலும் ஊர் கேட்கும். அவனே எல்லோர் முன்னாலும் வாய்விட்டு விலக்கும்வரை அது நிற்கும். ஒருமுறை கேட்காமல் விட்டதற்கு ஜூனில் ஆலங்கட்டி விழுந்து பாதித் திராட்சை போயிற்றாம். கான்ச்சோ போட்ட உத்தரவுகளில் ஒன்று, அவன் கழுதையைப் பார்த்தால் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது. ஒரு வருடம் சொன்னோம். எனக்கு இன்னும் அனிச்சையாக வந்துவிடுகிறது.

அப்படியானால் நானும் போடலாமே. "மார்ச் ஒன்பது வரை யாரும் கவாத்து செய்யக்கூடாது." ஒரே வாக்கியம்.

பிப்ரவரி 12

வாக்கியத்தை அடுப்பிடம் சொன்னேன்: நன்றாக வந்தது. ஆட்டிடம் சொன்னேன்: பாதியில் அது திரும்பிப் பார்த்தது, மீதி மறந்துவிட்டது. வெனெத்தாவிடம் சொன்னேன்.

"இன்னும் சத்தமா."

"இதுவே சத்தம்தான்."

"இது சத்தமா? கொசுவுக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கு."

தாளில் எழுதிக்கொண்டேன். வராவிட்டால் படித்துவிடலாம்.

பிப்ரவரி 14, காலை

பிளஸ் பதினேழு. தாள் உள்சட்டைப் பையில். நகல் வெளிச்சட்டைப் பையில். நகலின் நகல் வெனெத்தாவிடம்.

பிப்ரவரி 15

தலை. ஐயோ தலை.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். மூன்று கொடியில் மூன்று மூன்று கிளை வெட்டி, வெட்டுவாயில் ஒயின் ஊற்றியது நினைவிருக்கிறது. கைகள் தூக்கியதும் நினைவிருக்கிறது. எண்ணத் தொடங்கி இருபத்தொன்பதில் விட்டுவிட்டேன். தலையில் சுற்றிய கொடி கண்ணை மறைத்தது. தலையில் ஒயின் ஊற்றினார்கள். தாள், நகல் இரண்டும் ஊறிப்போய் மை கரைந்து என் வயிற்றில் இறங்கிவிட்டது (இப்போதும் இருக்கிறது, பாதி எழுத்து படிக்க முடிகிறது). தைரியத்துக்கு ஒரு கோப்பை. நகல் போன துக்கத்துக்கு ஒரு கோப்பை. பிறகு கான்ச்சோ நீட்டிய ஒரு குடுவை...

பிறகு இன்று காலை. குளிக்கப் போனேன். தொட்டி நிறையக் கவாத்துக் கத்தரி.

"வெனெத்தா, இது என்ன?"

"கைதிங்க."

"யார் கைது செய்தது?"

"நீதான். வண்டி மேல ஏறி நின்னு, 'எல்லாக் கத்தரியும் கைது!'ன்னு கத்துன."

"நானா?"

"பின்ன, ஆடா? ரொசித்சா எத்தன நாளைக்குன்னு கேட்டா. 'வெயில் பொய் சொல்லுது, கொடி ஏமாந்துருச்சு, நீங்களும் ஏமாறாதீங்க, நான் விடுறவரைக்கும் உள்ளதான்'னு சொல்லி அழுத."

"அழுதேனா?"

"மூக்கு ஒழுகிச்சு. அழுகைன்னு வெச்சுக்கலாம். அப்புறம் வீடு வீடாப் போயி வாங்கின. தோன்கா கத்தரிய எறவாணத்துல ஒளிச்சு வெச்சிருந்தா. அதையும் மோப்பம் புடிச்ச. கடைசியா கான்ச்சோவக் கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்த."

"அவன் என்ன செய்தான்?"

"அவனும் கத்தரியக் குடுத்தான். 'என் வேலதான் முடிஞ்சுதே, இந்தா வெச்சுக்கோ'ன்னு சிரிச்சான்."

நாற்பத்து மூன்று கத்தரிகள். ஊரில் நாற்பத்தொரு வீடு. இரண்டு வீட்டில் இரண்டிரண்டு. எண்ணி, சீட்டு எழுதிக் கட்டினேன். எண்ணெய் போட்டுத் துடைத்தேன். கைதிகளை நல்லபடியாக நடத்த வேண்டும்.

பிப்ரவரி 16

பிளஸ் பதினெட்டு. தோட்டத்தில் தேனீ பறக்கிறது.

தோன்கா வந்தாள், கவாத்துக்கு இல்லையாம், கோழிக்கு இறக்கை வெட்டவாம். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். தன் கால்நகம் வெட்ட வேறு எதுவும் ஆகாதாம். நான் நிலவறைக்குள் போய்விட்டேன். மறுக்கவும் பயம், கொடுக்கவும் பயம். வெனெத்தா வாசலில் நின்று பதில் சொன்னாள்.

"ராஜா எங்க?"

"ராஜா சிந்தனைல இருக்காரு."

ராஜா முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் இருந்தார்.

பிப்ரவரி 17

வானொலியில் மாதக் கடைசிவரை இதமான வானிலை என்கிறார்கள். கான்ச்சோ ஊர்க் கடையில், "அண்ணனுக்கு அயோடின் தலைக்கு ஏறிருச்சு" என்றானாம். என் வரிசைகளை இவ்வளவு நாள் வெட்டாமல் வைத்திருந்ததில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு நின்று என்னையே பார்க்கிறான். கத்தரி இல்லாத விவசாயியைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

நான் தப்பாக இருந்தால்? அயோடின் சரி. வில்லை சரி. ஆனால் குளிர் வர வேண்டும் என்று எந்த வில்லையில் எழுதியிருக்கிறது? நாற்பத்தொரு வீட்டு வேலையை ஒரு குடிகாரன் நிறுத்தியிருக்கிறான். நாளை திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

தொட்டியும் காலியாகும். நாலு நாளாக இருவரும் குளிக்கவில்லை.

பிப்ரவரி 18

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கத்தரிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் அலுவலக வாசலுக்குப் போனேன். எல்லோரும் கூடியிருந்தார்கள். ரொசித்சா சொன்னாள்: "ஐயா, 'உத்தரவ விலக்கிட்டேன்'னு சொல்லிருங்க. எல்லாரும் எடுத்துட்டுப் போயிருவாங்க."

வாய் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. மூச்சு வந்தது. சொல் வரவில்லை.

"சொல்லுங்கண்ணே!" என்றாள் தோன்கா. "தலையயாவது ஆட்டுங்க!"

"தலையாட்டினாச் செல்லாது," என்றாள் ரொசித்சா. "வாயால சொல்லணும். வழக்கம் அப்படி. ஆலங்கட்டி ஞாபகம் இருக்குல்ல?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருவரும் வண்டியில் கை வைக்கவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எவ்வளவு நேரமோ. ஒரு நாய் வந்து என்னை முகர்ந்துவிட்டுப் போனது. பின்வரிசையில் யாரோ, "பாருய்யா, பாறை மாதிரி நிக்கிறாரு. அசைய மாட்டாரு போல," என்றார்கள். இன்னொருவர், "இவ்வளவு உறுதியா நிக்கிறாருன்னா ஏதோ இருக்கு," என்றார்.

என்ன உறுதி! கூட்டுப்பண்ணையில் பேச வேண்டிய அன்று பேச்சு வரவில்லை. இன்று தோற்றுப்போகப் பேச வேண்டியிருந்தது, அதுவும் வரவில்லை. என் தொண்டைக்குச் சரி தவறு தெரியாது. அதற்குக் கூட்டம் ஆகாது, அவ்வளவுதான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வழி விட்டார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

கைதிகள் மறுபடி தொட்டியில்.

பிப்ரவரி 19

மைனஸ் மூன்று. காற்று திரும்பிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது.

பிப்ரவரி 20

மைனஸ் எட்டு. அயோடின் பதினான்கு சொட்டு மிச்சம். இரண்டு செலவழித்தேன். வில்லை கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்திருக்கிறது. கொடி தெரிந்துகொண்டுவிட்டது. பூட்டிய பெட்டியைத் திறந்து கம்பளியைத் தேடிக்கொண்டிருக்கிறது. மாவு மறுபடி சர்க்கரையாக வேண்டும், எல்லாம் இரண்டு நாளுக்குள்; வானொலி இப்போது பெருங்குளிர் என்கிறது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கொடியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரும் இல்லாதபோது என் குரல் நன்றாகவே வருகிறது.

பிப்ரவரி 22

மைனஸ் பத்தொன்பது. சமையலறை வெப்பமானி மைனஸ் இருபது. எது சரியென்று இன்று கவலைப்படவில்லை.

பிப்ரவரி 23

மைனஸ் பத்தொன்பது. வெனெத்தா பழைய போர்வையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். நானூறு கொடிக்கு ஒரு போர்வை. எந்தக் கொடிக்குப் போர்த்தினாள் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 27

குளிர் விட்டது. கொடித் துண்டுகளைக் கொண்டுவந்து கணப்பருகே இரண்டு நாள் வைத்துவிட்டு மொட்டுகளைச் சவரப் பிளேடால் குறுக்கே வெட்டினேன். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் போயிற்று. என் தோட்டத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பழுப்பு.

பச்சை நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு! இரண்டு மொட்டு விடும் இடத்தில் ஐந்து விட்டால் வருடம் பிழைத்துவிடும். மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டுதான்.

எழுந்து தனியாக ஒரு சுற்று ஆடினேன். வெனெத்தா பார்த்துவிட்டாள். "கால் சுளுக்குச்சா?"

பிப்ரவரி 28

ஊரே மொட்டோடு வந்தது. பதினெட்டு வீட்டுடையதை வெட்டினேன். எல்லாம் நாற்பதை ஒட்டியே. கைகுலுக்கினார்கள். "நீங்க அன்னிக்கு அசையாம நின்னதாலதான்" என்றார்கள். இல்லை என்று விளக்கப் பார்த்தேன். பேச வரவில்லை. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, எல்லோரும் போன பிறகு, கான்ச்சோ. இன்று கதவைத் தட்டினான்.

கை நிறைய மொட்டுகளை மேஜையில் கொட்டினான். நான் ஒவ்வொன்றாக வெட்டினேன். நூறு வெட்டி முடிந்தது.

"எத்தனண்ணே?"

"தொண்ணூற்றொன்று."

"பச்சையா?"

"இல்லை."

மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "சரி. அன்னிக்கு நீ 'வெயில்'னு இழுத்தப்பவே கேட்டிருக்கணும்."

என்னால் தாங்க முடியவில்லை. "கான்ச்சோ, அலுவலக வாசலில் நான் உறுதியாக நிற்கவில்லை. கத்தரியைக் கொடுக்கத்தான் வந்தேன். பேச்சு வரவில்லை. பயம்."

"தெரியும்."

"எப்படி?"

"தள்ளுவண்டியப் புடிச்சிட்டிருந்தியே. நாப்பத்து மூணு கத்தரியும் கலகலன்னு ஆடிச்சு. ஊருல எவனுக்கும் காது இல்ல போலிருக்கு."

"யாரிடமும் ஏன் சொல்லவில்லை?"

"சாஸேஜுல மாவு போட்டவன் பேச்ச யாரு கேப்பா?"

இருவரும் சிரித்தோம். அவன் சிரிப்பு முதலில் நின்றது.

மார்ச் 9

உத்தரவை விலக்கினேன். பின்னால் நின்று வெனெத்தா கிள்ளினாள், சொல் வந்தது. முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். "ஐந்து மொட்டு" என்பதை விரல்களால் காட்டினேன்.

குளித்தேன்.

ஏப்ரல் 27

எங்கும் தளிர். என் மூன்றாம் வரிசையில் கொடிக்குப் பதினாறு, பதினேழு முளை. கான்ச்சோ தோட்டத்தில் அடிமரத்திலிருந்துதான் முளைக்கிறது. கொடி செத்துப்போகவில்லை, அடுத்த வருடம் காய்க்கும். இந்த வருடம் இலைதான்.

அவன் வழக்கம்போல உழுகிறான், களை எடுக்கிறான். கழுதையோடு மட்டும் பேசுகிறான்.

ஜூலை 15

கான்ச்சோ மீசையை எடுத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. அவனே எடுத்திருக்கிறான். முகம் முழுக்க வெறும் இடமாக இருக்கிறது.

செப்டம்பர் 26

அறுவடை தொடங்கிவிட்டது. கான்ச்சோ வீட்டைத் தாண்டி வரும்போது பார்த்தேன்: பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறான். போட ஒரு பழம் கிடையாது. கழுவ வேண்டிய மாதம் என்பதால் கழுவியிருக்கிறான். இரவலாகத் திராட்சை கேட்க மாட்டான். யாராவது கொடுத்தால் ஏசுவான்.

வெனெத்தாவிடம் சொன்னேன். "நீதான ராஜா," என்றாள்.

"ராஜாவுக்கு ஒரு உத்தரவுதான். அதுவும் வண்டி மேல்."

"எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?"

எதிலும் இல்லை. தேடினேன்.

செப்டம்பர் 28

காலை எட்டுக்கு எல்லோரும் எடைபோடக் கூடியிருந்தார்கள். தள்ளுவண்டி எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றேன். காலையில் குடித்தது புதினாத் தேநீர்.

"ஒவ்வொரு வீடும் ஒரு கூடை கான்ச்சோ வீட்டில் கொடுக்கணும்."

ஏழு சொற்கள். பிறகுதான் எண்ணினேன். பின்வரிசையிலிருந்து, "சரிங்க ராஜா" என்று பதில் வந்தது. கேட்டிருக்கிறது.

மாலை கான்ச்சோ வந்தான், கதவைத் திட்டிக்கொண்டே. "யாருய்யா கேட்டா ஒங்க திராட்சைய? தோன்காவோடத கடிச்சேன், சர்க்கரையே இல்ல! வினிகருக்குத்தான் ஆகும்! பீப்பா வேற பத்தாது, தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும்!" உட்கார்ந்தான். ஒரு கோப்பை ராக்கியா சாராயம் குடித்தான். பிறகு சந்தேகமாகக் கேட்டான்:

"என்னைத் தவிர நாப்பது வீடு. முப்பத்தொம்போது கூடைதான் வந்திருக்கு. எவன்ணே குடுக்கல?"

வெனெத்தா என்னைப் பார்த்தாள். நான் எல்லோர் பெயரையும் மனதில் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன்.

நாளை காலை முதல் வேலை: என் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கூடை.